பின்சீட்டு மதிப்பெண்கள்

ஜனவரி 20, திங்கள்

டாக்டர் சம்பூர்ணம் நோட்டுப் போடச் சொல்லிவிட்டார். தினமும் என்ன சாப்பிட்டேன், எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தேன், வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதிக் காட்ட வேண்டுமாம். அது முன்பக்கத்திலிருந்து. கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுவது எனக்கு. டாக்டர் நோட்டைத் திருப்பிப் பார்த்தால் அது அவர் பாடு.

நான் பூபதி, வயது முப்பத்தொன்பது, துடியலூர். பம்புசெட் கம்பெனியில் டிசைன் என்ஜினியர். நோய்: மூலம். எல்லோரிடமும் ‘ஒரு சின்ன ஆபரேஷன்’ என்று சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனை மணி நேரம் உட்காருவீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஆபீசில் எட்டு, வீட்டில் நாலு என்றேன். ‘வீட்டுல உக்காந்து என்ன பண்ணுவீங்க?’ ‘கார் ஓட்டுவேன் டாக்டர்.’ அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கிழக்கு அறையில் என் ரிக் இருக்கிறது. இரும்புச் சட்டம், அதில் ஒரு பந்தய சீட்டு, ஸ்டீயரிங், மூன்று பெடல், எதிரே மூன்று திரை. சாலை இழுத்தால் ஸ்டீயரிங் கையை இழுக்கும். டயர் சூடேறினால் பிடி தளரும், மழை பெய்தால் வழுக்கும். இதை வீடியோ கேம் என்று சொல்கிறவர்களோடு நான் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. என் மனைவி கோகிலவாணி இதைத் ‘தறி’ என்கிறாள். நான் காலால் மிதிப்பதையும் கையை ஆட்டுவதையும் பார்த்தால் அவளுக்கு அப்படித்தான் தெரிகிறதாம். ‘தறி மேல ஏறிட்டீங்கன்னா சோறு தண்ணி வேண்டாமுங்க உங்களுக்கு’ என்பாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு மாலை நாலு மணிக்கு நொய்யல் லீக்கின் இறுதிப் போட்டி. தமிழ்நாடு முழுக்க இருந்து நாற்பது பேர் அவரவர் வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் ஓட்டும் லீக் இது. இறுதிப் போட்டி மூன்று மணி நேரம். காருக்கு இரண்டு டிரைவர்கள் மாறி மாறி ஓட்டியே ஆக வேண்டும். என் கூட்டாளி அம்பத்தூர் ஆசிப். எங்கள் அணியின் பெயர் ‘மொட்டை டயர்’. இப்போது இரண்டாம் இடத்தில் இருக்கிறோம்.

லீக்கில் எனக்கு ஒரு சித்தாந்தம் உண்டு, எல்லோரும் கேட்டுக் கேட்டுச் சலித்தது. ஓட்டுகிறவனிடம் கார் சீட்டு வழியாகத்தான் பேசும். கண் ஏமாறும், கை ஏமாறும், உட்காரும் இடம் ஏமாறாது. இதற்காகவே சீட்டுக்கு அடியில் அதிரும் மோட்டார் ஒன்றைப் பொருத்தி வைத்திருக்கிறேன். இப்போது சரியாக அந்த இடத்தில்தான் கத்தி வைக்கப் போகிறார்கள். கடவுளுக்கு என்மேல் என்ன கோபமோ தெரியவில்லை.

நிஜக் காரும் ஒன்று உண்டு. சிவப்பு ஸ்விஃப்ட். இடது பின்கதவில் ஒரு முழ நீளத்துக்கு நசுங்கல். ஏழு வருடத்துக்கு முன்பு, லைசென்ஸ் எடுத்த புதிதில், கோகிலா கேட் தூணில் தேய்த்தது. அன்றிலிருந்து அவள் ஸ்டீயரிங்கைத் தொடுவதில்லை. அவளுக்கு வண்டியின் ஃபீல் வராது. சிலருக்கு வராது.

ஜனவரி 22, புதன்

நாளை காலை எட்டு மணிக்கு. லீக் வாட்ஸப்பில் முதுகுவலி என்று போட்டிருக்கிறேன். முதுகின் கீழ்ப்பகுதிதானே.

ஜனவரி 25, சனி

உயிரோடு இருக்கிறேன். அதற்கு மேல் ஆபரேஷனைப் பற்றி எழுதுவதாக இல்லை.

வடகோவையிலிருந்து துடியலூர் வரை கால் டாக்சி. டிரைவர் நல்ல மனிதர்தான், பாட்டெல்லாம் கேட்டுப் போட்டார். ஆனால் பிரேக்கைப் பூரானை மிதிப்பதுபோல மிதித்தார். வழியில் பதினொரு வேகத்தடை. இத்தனை வருடம் இதே ரோட்டில் போய் வருகிறேன், இன்றுதான் எண்ணினேன். நடுவில் ஓட்டை வைத்த தலையணை ஒன்றை ஆஸ்பத்திரியிலேயே விற்றார்கள். அதன்மேல் உட்கார்ந்தும் கவுண்டம்பாளையத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, ‘பாட்டு பிடிச்சிருக்குங்களா சார்?’ என்றார்.

வலி: 9. இதைவிட மோசமாக ஏதாவது வந்தால் இருக்கட்டும் என்று ஒன்றை மிச்சம் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 26, ஞாயிறு

வெந்நீர்த் தொட்டியில் காலை பதினைந்து நிமிடம், மாலை பதினைந்து நிமிடம். குடியரசு தின அணிவகுப்பை டிவியில் முழுக்க நின்றுகொண்டே பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, கோகிலாவிடம் என் தேசபக்தியை மெச்சியிருக்கிறார்.

ஜனவரி 28, செவ்வாய்

இன்று தையலைக் காட்டப் போக வேண்டும். டாக்சி கூப்பிட போனை எடுத்தேன். கோகிலா சாவிக் கொக்கியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

‘அந்த டாக்சிக்காரர் மாதிரி இன்னொருத்தர் வந்தா தையல் பிரிஞ்சுருமுங்க. நானே ஓட்டறேன்.’

‘உனக்கு டச் விட்டுப் போச்சு கோகிலா.’

‘போனா போகட்டும். இருபதுல போறேன். நீங்க பின்னாடி ஒருக்களிச்சு உக்காந்துக்குங்க.’

கேட்டைத் தாண்டுவதற்குள் வண்டி இரண்டு தடவை நின்றது. நான் பின்சீட்டிலிருந்து கிளட்சை எந்த அளவுக்கு விட வேண்டும், எப்போது மிதிக்க வேண்டும் என்று விவரமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ‘வாயக் கொஞ்சம் மூடிக்கிட்டு வாங்க’ என்றாள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் இப்படி அவள் சொன்னதில்லை.

மூடினேன். பிறகுதான் கவனித்தேன். வேகத்தடை வந்தது, போனது. வந்ததே எனக்குத் தெரியவில்லை. பிரேக் பிடிக்கத் தொடங்கும் இடமும் விடும் இடமும் எங்கே என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. பஸ் ஒன்று குறுக்கே வந்து நின்றபோதுகூட என் உடம்பு முன்னால் போகவில்லை. இந்த நிலைமையில் என் உட்காரும் இடத்தைவிட நுட்பமான கருவி கோயம்புத்தூரில் எந்தக் கம்பெனியிலும் கிடையாது. அது பொய் சொல்லாது என்று நானே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

எப்படி என்று கேட்டேன். கோகிலா தோட்டக்கலைத் துறையில் இருக்கிறாள். வருடக்கணக்காக ஆபீஸ் ஜீப்பில் நாற்றுத் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு போனவள். ‘பின்னாடி தக்காளி நாத்து இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டனுங்க’ என்றாள்.

வலி: 2. ஒன்றே போட்டிருக்கலாம். புதிதாக ஓட்டுகிறவர்களுக்குத் தலைக்கனம் ஏறிவிடக் கூடாது.

ஜனவரி 30, வியாழன்

கோகிலாவுக்குப் பதவி உயர்வு ஆர்டர் வந்திருக்கிறது. உதவி இயக்குநர், குன்னூர். பதினான்கு வருட சர்வீசுக்குப் பிறகு. இனிப்பு வாங்கி வந்தாள், எனக்கு நார்ச்சத்து பிஸ்கட்.

பிப்ரவரி 10, திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் அடுத்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே ஜீப்புக்கு டிரைவர் இல்லையாம். அதிகாரி தன் காரில்தான் தோட்டம் தோட்டமாகச் சுற்ற வேண்டுமாம்.

‘நம்ம ரோட்டுல இருபதுல போறது வேற, மலையில பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவுல போறது வேறங்க’ என்றாள். ‘தூணு அசையாம நிக்கறப்பவே போய்த் தேச்சவ நான்.’

பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவளுக்கு அந்தத் தூண் கதை மட்டும் மனதில் இல்லாவிட்டால்... சரி, அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

வலி: 4.

பிப்ரவரி 1, சனி

டாக்டர் போனில் அரை மணி நேரம் உட்கார அனுமதி கொடுத்தார். எதில் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஓட்டைத் தலையணையை ரிக்கில் போட்டு ஏறினேன். அதிரும் மோட்டாரை அணைத்துவிட்டேன், வேறு வழியில்லை. சீட்டிலிருந்து ஒரு சேதியும் வராமல் ஓட்டுவது காது கேட்காமல் கச்சேரிக்குப் போவதுபோல என்று ஆசிப்பிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

ஐந்தாவது சுற்றில் என் பழைய சாதனையைவிட அரை வினாடி குறைவு.

ஹெட்போனில் ஆசிப் கூத்தாடினான். ‘இன்னா தல, முதுகு வலிச்சா ஸ்பீடு ஏறுதே. இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானே வந்து ஒதச்சிருப்பேனே.’

மோட்டார் தப்புத் தப்பாக அதிர்ந்து என்னைக் குழப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அதைத்தான் ஃபீல் என்று மூன்று வருடமாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். இதை லீக்கில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஆசிப்பிடம் சத்தியம் வாங்கினேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

லீக்கில் நான் வெறும் டிரைவர் இல்லை, நடுவரும் கூட. யாராவது யாரையாவது இடித்துவிட்டால் பதிவைப் போட்டுப் பார்த்துத் தண்டனை சொல்வது நான். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு, எழுதியவன் நான்தான். இடித்தவன் தானாக ஒரு நாளைக்குள் ஒப்புக்கொண்டால் பாதித் தண்டனை. மறைத்துப் பிடிபட்டால் முழுத் தண்டனை, கூடவே அடுத்த போட்டிக்கும் தடை.

இன்று காலை ‘வெள்ளலூர் வேங்கை’ என்கிற பையன் மாட்டினான். முன்னால் போனவனைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டு, தானே வழுக்கிப் போனான் என்று சாதித்தான். பதிவைப் போட்டுக் காட்டியதும் அழ ஆரம்பித்துவிட்டான். இறுதிப் போட்டிக்குத் தடை விதித்தேன். ‘இடிச்சது தப்பில்ல தம்பி, எல்லாரும் இடிப்போம். அடுத்தவன் தப்புன்னு நம்ப வெச்ச பாத்தியா, அதுதான் தப்பு’ என்று நாற்பது பேர் கேட்கப் பேசினேன். நாலைந்து பேர் கைதட்டல் படம் போட்டார்கள்.

மத்தியானம் கோபிசெட்டிபாளையத்திலிருந்து மாமனார் போன். மாமியார் போன பிறகு மூன்று வருடமாகத் தனியாக இருக்கிறார், ஞாயிறு தவறாமல் பேசுவார். கோகிலா ஸ்பீக்கரில் போட்டாள்.

‘என்ற புள்ள மலையேறப் போறாளாமா? மாப்ள, குன்னூர்ல தூணெல்லாம் பத்தரமா இருக்குதான்னு விசாரிச்சுட்டு அனுப்புங்க.’

இந்தக் கிண்டலை அவர் ஏழு வருடமாக, எல்லாத் தீபாவளிக்கும் எல்லாச் சீருக்கும் சொந்தக்காரர்கள் நடுவில் சொல்லி வருகிறார். கோகிலா சிரித்தாள். நானும் சிரித்தேன். அவரைக் குறை சொல்ல முடியாது, தனக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறார்.

வலி: 3.

பிப்ரவரி 4, செவ்வாய்

மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி கோகிலா. வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. நாற்பதில் போனாள். வலி: 1. எழுதிவிட்டேன், ஏறினால் ஏறட்டும்.

வந்ததும் வண்டியைக் கழுவினாள். நான் வராந்தாவில் நின்றுகொண்டு டயரைத் தேய்க்கும் முறை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்கதவுக்கு வந்ததும் குனிந்து பார்த்தாள்.

‘ஏனுங்க, இந்தக் கீறலுக்குள்ள மஞ்சப் பெயிண்டு இருக்குது. நம்ம தூணு வெள்ளையில்லீங்களா?’

‘அப்ப மஞ்சளா இருந்திருக்கும்.’

‘இருந்துச்சுங்களா?’

‘ஏழு வருசமாச்சு. யாருக்கு ஞாபகம் இருக்குது?’

வெயில் ஏறுகிறது, உள்ளே போ என்றேன். சாயங்காலம் ரிக்கில் ஏறி மூன்று சுற்றில் நாலு தடவை சுவரில் மோதினேன். தலையணை நழுவியிருக்கலாம்.

பிப்ரவரி 5, புதன்

வலி இல்லை. சாப்பாடு இறங்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

இன்று கோகிலா ஒரு தாளைக் கொண்டுவந்து, பிழை இருந்தால் திருத்தித் தரச் சொன்னாள். ‘மலைப்பகுதியில் வாகனம் ஓட்டிப் பணிபுரிய இயலாத நிலையில் உள்ளதால், மேற்படி பதவி உயர்வினை ஏற்க விருப்பமில்லை எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’ பிழை எதுவும் இல்லை. அவள் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும்.

‘நல்லா ஓட்டறியே’ என்றேன்.

‘ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டறனுங்க. எங்கயாச்சும் ஒரு எடத்துல எனக்கே தெரியாம இடிச்சுப்போடுவனோன்னு ஒதறலாவே இருக்குது. அன்னிக்கும் இடிச்சது எனக்குத் தெரியவே இல்லையே. தெரிஞ்சு இடிச்சிருந்தாக் கூடப் பரவால்ல.’

அப்புறம் ஒரு யோசனை வந்தது. நாளை காலை குன்னூர் வரை அவளே ஓட்டட்டும், நான் பின்னால் உட்காருகிறேன். ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டால் பயம் தெளிந்துவிடும், தாளைக் கிழித்துவிடுவாள், யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம், நாலு மணிக்குப் போட்டி. எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது.

அவள் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஏழு மணிக்குக் கிளம்பினோம். காரமடை, மேட்டுப்பாளையம் எல்லாம் வெண்ணெயாகப் போனது. கல்லாறு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியரில், வெளிப்பக்கமாகப் போய், திரும்பி, முடிந்தது. நான் திரையில் ஆயிரம் தடவை பண்ணியதை அவள் முதல் தடவையே பண்ணினாள். பின்சீட்டில் எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

மூன்றாவது வளைவில் மேலேயிருந்து பஸ் இறங்கியது. கோகிலா ஒதுங்கி நின்று வழிவிட்டாள். மறுபடி எடுக்கும்போது வண்டி அணைந்து, இரண்டடி பின்னால் உருண்டது. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சம் மேலே ஓரத்தில் அகலமாக இருந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். எல்லாம் சரியாகத்தான் பண்ணினாள். ஆனால் என்ஜினை அணைத்துச் சாவியை உருவிவிட்டாள்.

‘போதுமுங்க. திரும்பிரலாம். தாளக் குடுத்தர்றேன்.’

‘ரெண்டடி உருண்டதுக்கா?’

‘உருண்டது எனக்குத் தெரிஞ்சுது. தெரியாம எத்தனை உருளுமோ. தூணுல தேச்சதே தெரியாதவளுக்கு எதுக்குங்க மலை?’

என் யோசனை அத்தோடு முடிந்தது. குரங்கு ஒன்று பானெட்டில் ஏறி உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது.

‘தூணுல தேச்சது நீ இல்ல’ என்றேன்.

சொன்னதும் பத்து நாளாக நான் பயந்த மாதிரி எதுவும் ஆகவில்லை. அவள் திரும்பக்கூட இல்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். ‘அப்பறம்?’

பீளமேட்டில் ஒரு கல்யாண மண்டபம். அன்று காலை நான் மட்டும் போயிருந்தேன். பந்தயக்காரர்கள் வலது காலின் முன்பாதத்தால் பிரேக்கை அழுத்திக்கொண்டே குதிகாலால் ஆக்சிலேட்டரைத் தட்டுவார்கள். அந்த வாரம்தான் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தேன். மண்டபத்தின் கீழ்த்தளத்தில் வண்டியை எடுக்கும்போது, யாரும் இல்லையே என்று அதைச் செய்து பார்த்தேன். பட்டு வேட்டி, புதுச் செருப்பு. கரை பெடலில் சிக்கியது, கால் வழுக்கியது, மஞ்சள் தூண். மத்தியானம் கோகிலா வண்டியை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய் வந்தாள். அவள் தனியாக ஓட்டியது அது நாலாவது தடவை. சாயங்காலம் நான் கதவைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். நீதான் இடித்தாய் என்று நான் சொல்லவே இல்லை. அவளாகவே கேட் தூணில் பட்டிருக்கும் என்று முடிவு செய்து, அழுது, சாவியைக் கொக்கியில் மாட்டிவிட்டாள். மறுநாள் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். மறுநாள் மாமனார் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

கோகிலா நடுவர் மாதிரி கேள்வி கேட்டாள். எந்த மண்டபம், எத்தனை மணி, கூட யாராவது இருந்தார்களா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

‘எங்கப்பாவுக்குப் போன் போடுங்க. இப்பவே. ஸ்பீக்கர்ல.’

போட்டேன். மாமனார் முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். பிறகு, ‘அத்தனை பேருக்கு முன்னாடி பேசிப் போட்டனே மாப்ள’ என்றார். போனை வைத்துவிட்டார்.

அப்போதும் கோகிலா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டீயரிங்கில் இரண்டு கையும் வைத்து நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

‘அம்மாவுக்கு நெஞ்சு வலின்னு போன் வந்தன்னிக்கு நீங்க பெங்களூர்ல இருந்தீங்க. கார் வாசல்ல நின்னுச்சு. சாவி கொக்கியில தொங்குச்சு. நான் அதப் பாத்துட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனனுங்க. ரெண்டு பஸ் மாறி கோபி போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.’

இதை நான் யோசித்ததே இல்லை என்று எழுத நினைத்தேன். பொய். மாமியாரின் சாவு வீட்டில் கோகிலா ‘ஓட்டத் தெரிஞ்சிருந்தா பாத்திருப்பேனே’ என்று அழுதபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்றிலிருந்து யோசிக்காத நாள் இல்லை. ரிக்கில் ஏறினால் மட்டும் மறக்கும். அதனால்தான் நாலு மணி நேரம்.

‘எறங்குங்க’ என்றாள்.

இறங்கினேன். தலையணையை ஜன்னல் வழியாக நீட்டினாள், வாங்கிக்கொண்டேன். ஏற்றத்தில் ஓரங்குலம்கூடப் பின்னால் உருளாமல் வண்டியை எடுத்தாள். நாலாவது வளைவில் திரும்பி மேலே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து மேலேயிருந்து வந்த பஸ் கை காட்டியதும் நின்றது. இருக்கை இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். மேட்டுப்பாளையத்தில் இறங்கி, கையில் காசு இருந்தும் வீட்டுக்கு வரப் பிடிக்காமல் பஸ் ஸ்டாண்டிலேயே ரொம்ப நேரம் நின்றேன். அடுத்த பஸ்ஸில் ஏறும்போது மணி மூன்றே முக்கால். ஆசிப் கூப்பிட்டான்.

‘தல, எங்க கீற? கிரிட்ல நிக்கிறேன், ஸ்டார்ட்டுக்குப் பாஞ்சு நிமிசந்தான் கீது.’

‘வரல ஆசிப். நீ தனியா ஓட்ட முடியாது, தெரியும். என்னால போச்சு.’

‘முதுகா?’

‘முதுகு இல்ல. மூலம். ஆபரேஷன் பண்ணியிருக்குது.’

‘இன்னாது? சரியா கேக்கல.’

‘மூலம் ஆசிப், மூலம்.’

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவன், ‘அப்ப அந்த அரை செகண்டு அதனாலயா?’ என்றான். நடுவர் வேலையிலிருந்தும் விலகிக்கொள்கிறேன், வேங்கைக்குப் போட்ட தடையை எடுத்துவிடச் சொல் என்றேன். ஏன் என்று கேட்டான். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். பின்சீட்டு அம்மா ஒருவர் என் முழங்கையைத் தட்டி, ‘கருணைக்கெழங்கு மசியல் வாரத்துக்கு மூணு நாள் சாப்புடு சாமி’ என்றார். சரிங்க என்றேன்.

ஆறு மணிக்குக் கார் வந்தது. கோகிலா குளித்துவிட்டு, தனக்கு மட்டும் தோசை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள்.

பிப்ரவரி 10, திங்கள்

காலை ஆறேகாலுக்கு அவள் போய்விட்டாள். நான் கேட்டைத் திறக்க எழுந்து போவதற்குள் திறந்து, போய், மூடியும் இருந்தது. சாப்பாட்டு மேசைமேல் அந்தத் தாள் கவிழ்ந்து கிடந்தது. பின்பக்கத்தில் மளிகைப் பட்டியல் எழுதியிருந்தாள்: உப்பு, து.பருப்பு, சீரகம், ‘இதெல்லாம் தீந்துபோச்சு, நீங்களே வாங்கிக்கங்க’.

மத்தியானம் ஒரு மணிக்குச் செய்தி: ‘ஜாயின் பண்ணிட்டேன்.’

வாழ்த்து எழுதி அழித்தேன், மன்னிப்பு எழுதி அழித்தேன். கடைசியில் ‘சந்தோஷம்’ என்று மட்டும் அனுப்பினேன். நிஜமாகவே சந்தோஷமாகத்தான் இருந்தது, அதுதான் வேடிக்கை.

சாயங்காலம் கூப்பிட்டாள். பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம் கேட்டது. யாரோ அவளை ‘மேடம்’ என்று கூப்பிட்டார்கள்.

‘இங்க குவார்ட்டர்ஸ் ஒண்ணு காலியா இருக்குதுங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்.’

‘கார்?’

‘இங்கதான் இருக்கும். நாளைக்கே மூணு தோட்டம் பாக்கப் போகோணும்.’

‘சனிக்கிழமை வருவியா?’

‘தெரியலீங்க.’

‘ஞாயித்துக்கிழமை நான் அங்க வரட்டுமா கோகிலா?’

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை.

‘பஸ் இருக்குதுங்களே’ என்றாள்.

வரச் சொன்னாளா, வேண்டாம் என்றாளா, எனக்குத் தெரியவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து முதல் பஸ் ஐந்தரைக்கு என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.